விண்டோஸ் 11-க்கு மாற்றியதும் திறக்காத லேப்டாப்: ஃபார்மட் போடுமுன் ஒரு நிமிஷம்

நீங்கள் கேட்டிருப்பது, விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற்றிய பிறகு லேப்டாப் ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று. ஆனால் கடைசி வரியில் வேறொன்று இருக்கிறது: “கடையில் ஃபார்மட் போட்டால்தான் ஆகும் என்கிறார்கள், மகளின் நாலு வருஷப் போட்டோ எல்லாம் அதற்குள்தான், வேறு வழியே இல்லையா?” இதைத்தான் அசல் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் போனால் ஒரு பென்டிரைவும் இரண்டு மணி நேரமும் இருந்தால் திரும்பப் போட்டுவிடலாம். போட்டோ அப்படி வராது. அதனால் முதலில் போட்டோ, அப்புறம்தான் விண்டோஸ்.

16 வருஷமாக லேப்டாப் சர்வீஸ்தான் எனக்குப் பிழைப்பு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதா, அதை ஒட்டிய மாதங்களில் என் மேசைக்கு இதே கதை திரும்பத் திரும்ப வந்தது. நீங்கள் எழுதியிருப்பதைக் கோர்த்துப் பார்த்தால் நடந்தது இதுதான்: ராத்திரி அப்கிரேடு ஓடியது, இரண்டு மூன்று முறை தானே ரீஸ்டார்ட் ஆனது, பிறகு கம்பெனி லோகோவும் அடியில் சுற்றும் புள்ளிகளுமாக விடியவிடிய நின்றது. காலையில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தீர்கள். மறுபடி போட்டபோது ஒரு முறை நீலத்திரை வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வீடியோ பார்த்துப் பயாஸில் (விண்டோஸ் எழுமுன் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) ‘எதையோ’ மாற்றினான். அதிலிருந்து, வேறொரு நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ, அதாவது பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் எண், கேட்கிறது.

அந்த ‘எதையோ’ என்ற சொல்லில்தான் பாதி விடை இருக்கிறது. அதற்கு வருமுன், இப்போதே உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். லோகோ வருகிறது, திரை எரிகிறது, கீபோர்டு வேலை செய்கிறது. ஆகவே மதர்போர்டு போச்சு, டிஸ்ப்ளே போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரெகவரி கீ கேட்கும் அந்தத் திரையும் டிஸ்க்கில் இருக்கும், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் பகுதியிலிருந்துதான் ஏறி வருகிறது. டிஸ்க்கே கிடைக்கவில்லை என்றால் ‘நோ பூட் டிவைஸ்’ என்று கறுப்புத் திரையில் ஒரு வரிதான் வரும், இந்தக் கேள்வி வராது. அதாவது டிஸ்க் உயிரோடு இருக்கிறது, குறைந்தபட்சம் அந்தப் பகுதி வரைக்கும் படிக்க முடிகிறது. இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டியது உங்கள் அப்கிரேடு இல்லை. லேப்டாப் வாங்கி முதல் நாள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே நுழைந்தபோதே பூட்டு விழுந்திருக்கும். பல மாடல்களில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அது சத்தமில்லாமல் நடக்கும், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது. இத்தனை வருஷம் சாவியைத் தானே போட்டுத் திறந்துகொண்டிருந்த லேப்டாப், இப்போது உங்களிடம் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இப்போது கேட்கிறது? மதர்போர்டில் டிபிஎம் என்று ஒரு சிப் இருக்கிறது. அதைக் காவலாளி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் லேப்டாப் எழும்போது செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) போட்டிருக்கிறதா, வழக்கமான பூட் ஃபைல்தான் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது சாவியைக் கொடுக்கும். ஏதாவது ஒன்று மாறியிருந்தால் கொடுக்காது. பென்டிரைவிலிருந்து பூட் செய்யலாம் என்று வீடியோக்காரர்கள் முதலில் சொல்லும் வேலையே செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்வதுதான். உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். நல்ல செய்தி என்னவென்றால், மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டால் பெரும்பாலும் காவலாளி சமாதானமாகிவிடும், கீ கேட்காமலே உள்ளே விடும். அந்தப் பையனைக் கூப்பிட்டு அதே வீடியோவை மறுபடி ஓடவிட்டு, எந்தெந்த இடத்தில் கை வைத்தான் என்று ஒவ்வொன்றாகத் திருப்பச் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் பயாஸில் ‘லோட் டிஃபால்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். இதற்கு முன் யாரும் பயாஸைத் தொடாத லேப்டாப் என்றால் அது பெரும்பாலும் வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம்: ‘கிளியர் டிபிஎம்’. பெயரைப் பார்த்தால் ஏதோ சுத்தம் செய்வது போல இருக்கும். காவலாளி கையில் இருக்கும் சாவியை வாங்கிக் கிணற்றில் போடுவதுதான் அது.

அதே பயாஸில் இன்னொரு பொறி, டிஸ்க் எந்த முறையில் இயங்க வேண்டும் என்கிற அமைப்பு. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து நிறைய லேப்டாப்புகளில் ‘விஎம்டி’ என்று ஒன்று வருகிறது. விண்டோஸ் அதற்கான டிரைவரோடு, அதாவது அந்த ஹார்டுவேரோடு பேசவைக்கும் சின்ன மென்பொருளோடு, நிறுவப்பட்டிருக்கும். விஎம்டியை அணைத்து ஏஎச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்றிவிட்டால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாது, ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரை போடும். விண்டோஸ் பென்டிரைவைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கும் இதே விஎம்டியால் இன்னொரு ஏமாற்றம் உண்டு. இன்ஸ்டால் திரையில் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லிப் புது எஸ்எஸ்டி விற்ற கடைகளை எனக்குத் தெரியும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் செத்துப்போன டிஸ்க் எழுந்து உட்காரும்.

சரி, எல்லாம் பழையபடி வைத்தும் கீ கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் கீயைத் தேடித்தான் ஆக வேண்டும். போன் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள் போய், டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பின் கீழ் பிட்லாக்கர் ரெகவரி கீ என்று இருக்கிறதா பாருங்கள் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியின் பெயர்தான் பிட்லாக்கர்). திரையில் ‘கீ ஐடி’ என்று ஒரு நீண்ட குறியீடு தெரியும். அதன் முதல் எட்டு எழுத்தும் அக்கவுண்ட்டில் இருப்பதும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் கீ. எந்த அக்கவுண்ட் என்பதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். வாங்கிய கடையில் “நாங்களே எல்லாம் செட் பண்ணித் தருகிறோம்” என்று அவர்களே ஒரு மெயில் ஐடி உருவாக்கி நுழைந்திருப்பார்கள், அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. மகளின் கல்லூரி மெயிலில் நுழைந்திருந்தால் கீ அந்தக் கல்லூரியின் கணக்கில் இருக்கலாம், அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவரிடம் கேட்க வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸ் ஐடி ஆட்கள். பழைய பைலில், பில்லோடு சேர்த்துப் பிரிண்ட் எடுத்து வைத்தவர்களும் உண்டு, அதையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இதே பிரச்சினையோடு வந்தார். அவருடைய நான்கு மெயிலிலும் கீ இல்லை. அரை மணி நேரம் பேசிய பிறகுதான், லேப்டாப்பை முதலில் திறந்து கொடுத்தது அக்கா பையன் என்று நினைவுக்கு வந்தது. அவன் பஹ்ரைனில் வேலையில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். அவன் அக்கவுண்ட்டில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தது, மூன்றாவதன் எட்டு எழுத்து ஒத்துப்போனது. சித்தி வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுத, அவன் ஆறு ஆறு இலக்கமாக எட்டு முறை வாசித்தான், நடுவில் லைன் இரண்டு தடவை கட்டாகியது. போட்டால் ஏற்கவில்லை. இங்கே ஒரு சின்ன வித்தை இருக்கிறது, பலருக்குத் தெரியாது: அந்த எட்டு ஆறிலக்க எண்களும் ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்ததில் ஐந்தாவது எண் மட்டும் வகுபடவில்லை. மறுபடி கேட்டால், அவன் 7 என்று சொன்னது இவர் காதில் 1 என்று விழுந்திருக்கிறது. ஏழும் ஒன்றும் அவசரத்தில் எப்படித்தான் குழம்பியதோ! கணக்கு டீச்சர்தான், ஆனாலும் 11-இன் வகுபடும் விதி இப்படி ஒரு நாள் உதவும் என்று தான் நினைத்ததே இல்லை என்றார்.

கீ எங்குமே இல்லை என்றால்? இதில் மழுப்ப முடியாது. கீயும் இல்லை, டிபிஎம்மும் ஒத்துழைக்கவில்லை என்றால் அந்த டிஸ்க்கில் இருப்பதை நான் உட்பட யாராலும் எடுக்க முடியாது. “ஸ்பெஷல் சாஃப்ட்வேர் இருக்கு, பாதிப் பணம் முன்னாடியே கட்டுங்க” என்பவரிடம் போகாதீர்கள். அந்த நிலையிலும் ஃபார்மட் போடுமுன் ஒரு விஷயம் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டிருந்தால் ஒன்டிரைவும் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம், அதில் இலவசமாக 5 ஜிபி உண்டு. பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களில் கொஞ்சமாவது அங்கே ஏறியிருக்கும். போனிலிருந்தே பார்த்துவிடலாம். டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு எஸ்எஸ்டி போட்டுக்கொள்வதும் ஒரு வழி. என்றாவது அந்த மெயில் ஐடி நினைவுக்கு வந்தால் திறக்கலாம்.

கீ கிடைத்துவிட்டது, அல்லது பயாஸைத் திருப்பியதிலேயே கேள்வி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக விண்டோஸ் உடனே திறந்துவிடும் என்பதில்லை, அன்று ராத்திரி ஏதோ காரணத்தால் நின்றது இன்னும் அப்படியேதான் இருக்கும். இப்போது ரெகவரி மெனுவுக்குப் போக வேண்டும். தானாக வராவிட்டால், லோகோ வந்து புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று அதுவே வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே முதலில் கண்ணில் படுவது ஸ்டார்ட்அப் ரிப்பேர்தான். என் அனுபவத்தில் அதனால் குணமானவை கொஞ்சம்தான், நஷ்டமும் இல்லை. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது, எதற்கும் முன்னால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து போட்டோவை வெளியே எடுங்கள் என்றுதான்.

அது பார்க்கும் அளவுக்குக் கஷ்டம் இல்லை. கறுப்பு ஜன்னலில் ‘நோட்பேட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் நமக்குப் பழக்கமான நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் போனால் சின்ன ஜன்னலில் எல்லா டிரைவும் தெரியும். கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டெக்ஸ்ட் ஃபைல் மட்டும்தான் காட்டும், போட்டோ எல்லாம் போய்விட்டது என்று பயந்துவிடுவீர்கள். டிரைவ் எழுத்துகளும் மாறியிருக்கலாம், வழக்கமாக சி என்று இருப்பது இங்கே டி என்று தெரியலாம். யூசர்ஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. போட்டோ ஃபோல்டர்மேல் ரைட் கிளிக், காப்பி. பிறகு வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் போய் பேஸ்ட். காப்பி ஆகும்போது பச்சைக் கோடு எதுவும் ஓடாது, ஜன்னல் உறைந்தது மாதிரி நிற்கும். ஹார்டு டிஸ்க்கின் விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள், மினுங்கினால் விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். சார்ஜர் மாட்டியிருக்கட்டும்.

போட்டோ வெளியே வந்துவிட்டதா? இனி பதற்றமில்லை, என்ன வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று ஒன்று, அதற்குள் ஃபீச்சர் அப்டேட்டை, அதாவது இந்த அப்கிரேடை, நீக்கும் வழி. அப்கிரேடு முடிந்து பத்து நாளைக்குள் என்றால் பழைய விண்டோஸ் 10 ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும், அது திரும்ப ஏறிக்கொள்ளும். பத்து நாள் தாண்டினால் அந்த ஃபோல்டரைத் தானே அழித்துவிடும், அதனால் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். அப்கிரேடு பாதியில் நின்றிருந்தால் ‘அன்டூயிங் சேஞ்சஸ்’ என்று அதுவாகவே பின்வாங்குவதும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் ஓடும், அப்போது அணைக்கவே கூடாது. திரும்பி வந்தபின் 0xC1900101 என்று தொடங்கும் எண் ஒன்றைக் காட்டினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர்தான் குற்றவாளி. வெளி ஆன்டிவைரஸ், பழைய டிஸ்ப்ளே டிரைவர், இந்த இரண்டையும் எடுத்துவிட்டு மறுமுறை ஓடவிட்டாலே பல லேப்டாப்புகள் மறுபேச்சில்லாமல் 11-க்குப் போயிருக்கின்றன.

டிரைவர் ஒன்று என்ன செய்யும் என்று சாதாரணமாக நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19 நினைவிருக்கும், கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட் ஃபைலில் இருந்த பிழையால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் போய் நின்றன, விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்கள் எதிலும் டிஸ்க்கோ போர்டோ கெடவில்லை. சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) போய் ஒரே ஒரு வகை ஃபைலை அழித்தால் எழுந்துவிட்டன. அன்றைக்கும் ஐடி ஆட்களைப் படுத்தியது இதே பிட்லாக்கர் கீதான். உங்கள் லேப்டாப்பிலும் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்தி சேஃப் மோடு வருகிறதா பாருங்கள். வந்தால் விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஏதோ ஒரு டிரைவர்தான் காலை வாருகிறது என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நிச்சயம். இனி சொல்வது சந்தேகம்தான். அந்த முதல் ராத்திரி ஏன் நின்றது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது டிஸ்க். நாலு வருஷ லேப்டாப், அதுவும் எஸ்எஸ்டி இல்லாமல் சுற்றும் ஹார்டு டிஸ்க் என்றால் வலுவிழந்திருக்கலாம். அப்கிரேடின்போது டிஸ்க் முழுக்கப் புரட்டிப் படித்து எழுதுவதால், மறைந்து கிடந்த கோளாறு அன்றைக்குப் பார்த்து வெளியே வரும், பழி விண்டோஸ்மேல் விழும். ரெகவரி மெனு வரவே இருபது நிமிஷம் ஆகிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது, காப்பி ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். எச்பி என்றால் போட்டவுடன் எஃப் 2, டெல் என்றால் எஃப் 12 அழுத்தினால் லேப்டாப்பிலேயே இருக்கும் பரிசோதனைக்குப் போகலாம், விண்டோஸ் தேவையில்லை. டிஸ்க் சந்தேகம் என்றால், டிஸ்க்கில் பிழை தேடும் ‘செக்டிஸ்க்’ கருவியை ஓட்டாதீர்கள். மெலிந்த டிஸ்க்கை விடியவிடிய ஓடவைத்து அது கடைசி மூச்சை விட்டதைப் பார்த்திருக்கிறேன், ஓடவைத்ததும் நான்தான், தொழிலுக்கு வந்த புதிதில். அந்தக் குடும்பத்துக் கல்யாண ஆல்பத்தில் பாதிதான் மிஞ்சியது. முதலில் காப்பி, அப்புறம்தான் எதுவும்.

கேள்விக்குக் கீழே இன்னொருவர் தனக்கும் இதே பிரச்சினை, ஆனால் கீ எல்லாம் கேட்கவில்லை, ‘நோ பூட் டிவைஸ்’ என்று மட்டும் வருகிறது என்று எழுதியிருக்கிறார். அது வேறு நோய். விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பயாஸில் ‘லெகசி’ என்ற பழைய தொடக்க முறையை ‘யுஇஎஃப்ஐ’ என்ற புது முறைக்கு மாற்றியிருப்பார், டிஸ்க் இன்னும் ‘எம்பிஆர்’ என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டதாகவே இருக்கும். மறுபடி லெகசிக்கு மாற்றினால் அடுத்த நிமிஷம் பழைய விண்டோஸ் திறக்கும். டிஸ்க்கின் முறையை மாற்றாமல் பயாஸை மட்டும் மாற்றியதுதான் தப்பு. அதற்கென்று விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது, அதை ஓட்டிய பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும். விண்டோஸ் 11 வைக்கும் ஹார்டுவேர் சோதனைகளைத் தாண்டி வருகிற மாதிரி பென்டிரைவ் செய்து, கோர் 2 டுவோ என்ற பழைய பிராசஸர் காலத்து லேப்டாப்பில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் போட்டவர்கள் மட்டும் மெனக்கெட வேண்டாம். அந்தப் பதிப்பு கேட்கும் கட்டளைகள் சில அந்தப் பிராசஸரிலேயே கிடையாது, எத்தனை முறை போட்டாலும் எழாது.

உங்கள் கடைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபார்மட் போடச் சொல்வதால் அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஃபார்மட் ஒரு மணி நேர வேலை. கீ தேடி, டேட்டா எடுத்து, பின்வாங்கிப் பார்ப்பது ஒரு நாள் வேலை, அதற்குக் கொடுக்கும் கூலியில் அவருக்குக் கட்டுப்படியாகாது. டேட்டா எடுக்கத் தனிக் கூலி தருகிறேன், முதலில் அதைச் செய்யுங்கள் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். “டி டிரைவ் அப்படியே இருக்கும்” என்று சொன்னாலும் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள், டிஸ்க் முழுக்கப் பூட்டியிருந்தால் டி டிரைவும் பூட்டுக்குள்தான். விண்டோஸ் 10-க்கே திரும்பிவிட்டால் அவசரமாக மறுபடி 11-க்கு ஓடவும் தேவையில்லை, கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பயன்பாட்டுக்கு 2026 அக்டோபர் 13 வரை அது கிடைக்கும்.

இன்று ராத்திரி பையனை வைத்துப் பயாஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று எழுதுங்கள். திரையைப் போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது, லேப்டாப் மாடலையும், உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீ ஐடி தெரிந்தால் பரவாயில்லை. அந்த 48 இலக்க எண் எழுதிய காகிதம் மட்டும் போட்டோவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.